தண்ணி காய வைக்க ஒரு டின் அடுப்பு

செப்டம்பர் 20, சனி

விடிந்ததிலிருந்து மழை. பருப்பு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. குக்கர் ஒரு விசில்கூட அடிக்கவில்லை. போட் வந்து நிற்கிற ஜெட்டியில் விசாரித்தாயிற்று. கடல் சரியில்லையாம், சிலிண்டர் ஏற்றிய போட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் அடுப்பு இருக்கிறது, கரண்ட் இல்லை. வந்தாலும் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிற அளவுக்குத்தான். விறகு ஊறிக் கிடக்கிறது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

மதியம் எதிர்வீட்டு மண்டல் தாதா (பெங்காலியில் தாதா என்றால் அண்ணன்) சம்சாரம் எங்கள் அரிசியையும் சேர்த்துப் பொங்கித் தந்தாள். அவர்கள் சிலிண்டரும் ஆட்டி ஆட்டித்தான் எரிகிறது. நாளைக்குப் போய் நிற்க முடியாது.

அடுத்த சனி போட்டில் மகள் அனி வருகிறாள். பூஜா லீவு. சந்தோஷம்தான். பயமும்தான்.

போன வருஷம் இதே லீவுக்கு வந்தவள் மூன்றாம் நாளே போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவுக்கு, என் தங்கை லதா வீட்டுக்கே, திரும்பிப் போனாள். அங்கே இருந்துதான் காலேஜுக்குப் போகிறாள். கூடப் படிக்கிற பெண்ணை வேறு அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் பார்க்கப் பார்க்க, ஜெட்டி ரோட்டில் விழுந்து கிடந்த அப்பாவை இவளும் மண்டல் தாதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். பிறகு பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குடியை நிறுத்தினார். நிறுத்திய அப்பாவை அனி இன்னும் பார்க்கவில்லை. போனில் சொன்னால், "பாக்கலாம்மா" என்பாள். அவ்வளவுதான்.

வேண்டியவை: தீப்பெட்டி (நமுத்துப்போகாதது), மெழுகுவர்த்தி, அனிக்குக் கொசுவலை, ரவை. ரவை எதற்கு, அடுப்பே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை விட்டு விட்டு. காலை அவலும் தேங்காயும். மதியமும் அதுவே. "குதிரைக்குக்கூட மாத்திப் போடுவாங்க விஜி" என்கிறார். அப்படியானால் குதிரை லாயத்துக்கே போய்ச் சாப்பிடட்டுமே!

சாயங்காலம் ஒரு யோசனை சொன்னார். லாலாஜி பே கடற்கரைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கின மெயின்லாண்ட் பையன் ஒருவன் இரண்டு டின்னை வெட்டி அடுப்பு செய்து டீ போட்டானாம். சத்தமில்லை, புகையில்லை, உள்ளங்கையில் அடங்குகிற அடுப்பு. பம்ப் ஹவுஸ் வேலையாய் அந்தப் பக்கம் போனவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஒரு டீயும் குடித்திருக்கிறார்.

"எதுல எரியுது?" என்றேன்.

ஈர விறகு ஒன்றைத் திருப்பி வைத்தார். பிறகு, "ஸ்பிரிட்டுல" என்றார்.

வீட்டுக்குள் ஸ்பிரிட்டா? இருமல் மருந்து வாங்கினால்கூட லேபிளைப் படித்துவிட்டு வாங்குகிற வீடு இது. அவரே சொன்னார்: "நான் டின்ன வெட்டுறேன், ஓட்டை போடுறேன். பாட்டில் உன்கிட்ட. பூட்டி வச்சுக்கோ. நீதான் ஊத்தணும். நான் தொடமாட்டேன்னு சொல்லல, தொடுற மாதிரி வைக்காதன்னு சொல்றேன்."

சரி என்றேன். ஒரு கண்டிஷன்: பீர் டின் வாசல் தாண்டக் கூடாது. காலி டின்னாக இருந்தாலும்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். கொலு இல்லை, சுண்டல் இல்லை. சாமிக்கு வாழைப்பழம். கோபித்துக்கொள்ளாது.

காலையில் இருவரும் கடற்கரைக்கு. மழைக்காலத்தில் கடல் கொண்டுவந்து போடாதது கிடையாது. பர்மா செருப்பு, தாய்லாந்து பாட்டில், எந்த நாடு என்றே தெரியாத பல்பு. டின்கள் எட்டு பொறுக்கினோம். ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து, கலர் கலராய்ப் பறவைப் படம். ஜூஸாக இருக்கும் என்றேன். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டார்.

பள்ளிக்கூடம் போய்விட்டு (கிளார்க் உத்தியோகத்துக்கு மழை லீவு கிடையாது) வந்து பார்த்தால் பின் வராந்தா முழுக்கத் தகரச் சுருள். செய்முறை, மறக்காமலிருக்க:

இரண்டு டின்னின் அடிப்பாகம், இரண்டு விரல் உயரத்துக்கு. ஒன்று மேல் மூடி, ஒன்று கீழ்க் கிண்ணம். மேல் மூடியின் விளிம்பைச் சுற்றிக் கோணி ஊசியால் பொடி ஓட்டைகள், நடுவில் ஊற்றுவதற்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை. உள்ளே ஒரு தகரப் பட்டையை வளையமாக நிறுத்த வேண்டும். பிறகு ஒன்றின் விளிம்பைக் குறடால் லேசாகக் கொசுவி மற்றதற்குள் செருக வேண்டும். புடவைக் கொசுவம் மாதிரிதான், அவசரப்பட்டால் கிழியும்.

முதல் மூன்று ஜோடியும் கிழிந்தன. அவருக்கு விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. முன்பெல்லாம் காலையில் கை நடுங்கும், டீ டம்ளர் தளும்பும். இன்றைக்கு ஊசியைப் பிடித்து ஒரே இடைவெளியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கடவுளே, இந்தக் கையைத் திருப்பிக் கொடுத்தாயே என்று இருந்தது. சத்தமாகச் சொன்னால் தலைக்கனம் ஏறும், சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

மேகமூட்டம். காற்று அதிகம்.

நான்காவது ஜோடி சரியாக உட்கார்ந்தது. மேலே பாத்திரம் நிற்க, பால்பவுடர் டப்பாவை இரண்டு பக்கமும் வெட்டிச் சுற்றிலும் ஓட்டை போட்டு ஒரு கூண்டு.

ஸ்பிரிட் வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்தார். மண்டல் தாதா கடையில் தச்சர்களுக்குப் பாலிஷ் போட வைத்திருக்கிறார். இவர் கேட்டதும் மனுஷன் பாட்டிலை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவிட்டாராம். "நான் தண்ணி காய வைக்கத்தான்னு சொன்னேன் விஜி. அவன் காதுலயே போட்டுக்கல."

நான் போனேன். "தாதா கோ நஹி தேகா பாபி, ஆப் கோ தேகா" என்றார். இவருக்குத் தரமாட்டாராம், அண்ணி எனக்கென்றால் தருவாராம். கூடவே ஒரு புத்திமதி: இது பாலிஷ் போடுகிற விஷம், உள்ளே போனால் கண் போய்விடும், உயிரும் போய்விடும். தெரியும் என்றேன். அதனால்தான் என் கையில் வாங்குகிறேன் என்றேன். பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். "நல்ல மனுஷன்யா" என்றார். "அன்னைக்கெல்லாம் யாராச்சும் இப்படி ஒளிச்சு வச்சிருக்கலாம்."

பாட்டில் இரும்பு பீரோவில். சாவி என்னிடம்.

செப்டம்பர் 24, புதன்

எரிந்தது!

பின் வராந்தா சிமெண்ட் தரை. பழைய தட்டில் மணல், மணல்மேல் அடுப்பு. பக்கத்தில் ஈரச் சாக்கு. இருமல் மருந்து மூடியால் நான்கு மூடி ஊற்றினேன். பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்த பிறகுதான் தீக்குச்சி. நடுவில் மட்டும் கொஞ்சம் எரிந்தது. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது டின் சூடேறி, சுற்றியிருந்த ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் சின்னச் சின்னதாய் நீலச்சுடர். வட்டமாக. மேகம் இருட்டிக்கொண்டு வந்ததால் நன்றாகத் தெரிந்தது. இவர் கை தட்டினார். நானும்.

அப்புறம் வெயில் அடித்தது, வந்தது வினை. வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரிவதில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு மூடி ஊற்றக் கையைக் கொண்டுபோனேன். புறங்கை முடி பொசுங்கிவிட்டது. இவர் என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் மூடி தோட்டத்துக்குப் பறந்தது. நல்லவேளை. ஊற்றியிருந்தால் தீ மூடிக்குத் தாவி என் நைட்டிக்கும் வந்திருக்கும்.

சட்டம்: எரியும்போது ஊற்றக் கூடாது. அணைந்ததா என்று கண்ணை நம்பக் கூடாது. ஈர்க்குச்சியை மேலே காட்டிப் பார்க்க வேண்டும், பற்றினால் எரிகிறது. ஆறின பிறகுதான் மறுபடி ஊற்றுவது.

முதலில் வெந்நீர். பிறகு காபி. பிறகு ரவை உப்புமா, உப்பு கம்மி. அவலிலிருந்து விடுதலை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான புதிதில்கூட இப்படி உட்கார்ந்த ஞாபகம் இல்லை.

தகரச் சுருளைப் பெருக்கும்போது வெட்டிப்போட்ட மேல் துண்டு ஒன்றில், ஜிலேபி எழுத்துக்குக் கீழே பொடியாக இங்கிலீஷ். பீர். எட்டும் பீர்! "உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். "டின்னத் தொட்டவுடனே தெரியும். நீ ஜூஸுன்னு சொன்ன, நானும் ஜூஸுன்னு வச்சுக்கிட்டேன்" என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. கண்டிஷன் கடலோடு போயிற்று.

செப்டம்பர் 25, வியாழன்

காற்று. ரங்கத் போட்டும் இல்லை, போர்ட் பிளேர் போட்டும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஜெட்டிக்குப் போனேன், அங்கேதான் கொஞ்சம் டவர் எடுக்கும். லதா போனை எடுத்தாள். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொன்னேன்: அவர் தண்ணி காய வைக்க ஸ்பிரிட் வாங்கி வைத்திருக்கிறார், டின்னை வெட்டி அவரே அடுப்பு செய்தார், ஜம்மென்று எரிகிறது, அனியிடம் சொல்லு, வந்தால் சூடாகத் தோசை என்று. அவள் "என்னக்கா? என்னக்கா?" என்றாள். கட்டாகிவிட்டது. சரி, பாதியாவது கேட்டிருக்கும் என்று வந்தேன்.

சாயங்காலம் மறுபடி போனபோது போனில் லதாவின் மெசேஜ் வந்து கிடந்தது:

"அக்கா, மாமா மறுபடியும் தண்ணி, ஸ்பிரிட்டு டின்னு எல்லாம் வாங்கி வச்சிருக்காருன்னு நீ சொன்னதுலருந்து அனி அழுதுட்டே இருக்கா. அவ வரலையாம். நீ தனியா இருக்க, பத்திரமா இரு."

பாதிதான் கேட்டிருக்கிறது. எந்தப் பாதி பார். 'தண்ணி' கேட்டிருக்கிறது, 'காய வைக்க' கேட்கவில்லை.

உடனே கூப்பிட்டேன். டவர் செத்துவிட்டது. பவர் ஹவுஸிலேயே ஏதோ கோளாறாம். ஜெட்டியில் மழையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். என் வாயில்தான் சனி. வெந்நீர் என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

செப்டம்பர் 26, வெள்ளி

மழை. டவர் இல்லை.

நேற்றே அவரிடம் மெசேஜைக் காட்டினேன். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்துப் பழகியவர் அவர், நான் அதைத் தொடங்க வேண்டாம் என்று காட்டிவிட்டேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். போனைக் கொடுத்துவிட்டு பம்ப் ஹவுஸுக்குப் போய்விட்டார்.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. குடித்த காலத்தில் இங்கிருக்கும் தமிழ் ஆட்கள் "தண்ணி ஆபரேட்டர்" என்று கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், எனக்குத்தான் செத்துவிடலாம் போலிருக்கும். அந்த வார்த்தை விடாது போலிருக்கிறது.

மதியம் சாப்பிட வந்தார். பழைய சோறு, பூண்டு ஊறுகாய். அடுப்பைப் பற்ற வைக்க இருவருக்கும் மனசு இல்லை.

"டவர் வந்ததும் நீங்களே பேசுங்க" என்றேன்.

"நான் சொன்னா நம்புவாளா? எத்தனை சத்தியம் பண்ணிருக்கேன். நான் குடிக்கலன்னு சொன்னாத்தான் குடிச்சிருக்கேன்னு அவளுக்கு அர்த்தம்."

கையை அலம்பிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "விஜி, சாவி எங்க வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்குக் கேக்குது உடம்பு. ரொம்ப நாள் கழிச்சு. விஷம்னு தெரிஞ்சும் கேக்குது. சாவிய எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடு."

சாவியை முந்தானையில் முடிந்தேன். அவரே சொன்னார்: "பயப்படாத. சொல்றேன்ல. சொல்லாம இருந்தாத்தான் பயப்படணும்."

சாவியை மட்டுமில்லை, பாட்டிலையே எடுத்துக்கொண்டு போனேன். மண்டல் தாதாவிடம் கொடுத்து, நான் கேட்கும்போது தாருங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, இவரோடு சீட்டு ஆடினார். இரண்டு பேரும் கள்ளாட்டம்.

யார் யாராலோதான் ஒரு நாள் ஓடுகிறது. இந்தச் சின்னத் தீவில் இப்படி ஒரு எதிர்வீடு கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன்?

செப்டம்பர் 27, சனி

வெயில். கடல் அடங்கிவிட்டது. போர்ட் பிளேர் போட் வருகிறது, சிலிண்டரும் வருகிறது என்று பள்ளிக்கூடத்து வாச்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பாட்டிலை வாங்கி வந்து காபி போட்டேன். அடுப்பு ஆறின பிறகு மறுபடி ஊற்றப் போய், மூடி வழுக்கிப் புடவை முந்தானையெல்லாம் ஸ்பிரிட். அவசரத்தில் மாற்றவில்லை. அனி வராத ஜெட்டிக்கு எந்தப் புடவையாக இருந்தால் என்ன?

இன்றும் பழைய சோறு, பூண்டு ஊறுகாய் முடித்து, சிலிண்டருக்காகத்தான் போனோம். அவர் கை வண்டியோடு, நான் ரசீதோடு. மண்டல் தாதா கடைச் சாமான் இறக்க. போட்டிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக, பெரிய காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அனி.

சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். "ம்மா, கிளம்பு. துணி எல்லாம் இதுல போட்டுக்க. இதே போட்ல போயிடலாம். அந்தாளோட நீ இருக்க வேணாம்."

அதற்குத்தான் வந்திருக்கிறாள். வரவில்லை என்றவள், அப்பா ஸ்பிரிட் குடிக்கிறார் என்று நம்பிக்கொண்டே, கடல் அடங்கின முதல் போட்டிலேயே ஏறி, எனக்காக. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுவதைப் பார்த்து அவள் இன்னும் உறுதியாகிவிட்டாள்.

அவர் வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஜெட்டி முழுக்க ஆட்கள். அவளைத் தொடவில்லை. குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, "ஊதட்டுமாம்மா?" என்றார். அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். அவரே ஊதினார்.

அனி கண்ணை மூடினாள். திறந்தாள். "பூண்டு" என்றாள்.

பிறகு மூக்கைச் சுருக்கினாள். திரும்பி என் முந்தானையைப் பிடித்து மோந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ம்மா... நீயா?"

மண்டல் தாதா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து. "அரே பிட்டியா, பீத்தா நஹி, சாய் பனாதா ஹை!" குடிக்கவில்லை பெண்ணே, டீ போடுகிறார்கள். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே, தண்ணி காய வைக்க, தண்ணி காய வைக்க என்று நான் நாலு தடவை சொன்னேன். போட் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அனி காலிப் பையோடு எங்களுக்கு முன்னால் நடந்தாள். பின்னால் சிலிண்டர் வண்டி கடகடவென்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

தூறல். சிலிண்டர் வந்தும் யாரும் மாட்டவில்லை. அனிக்கு டின் அடுப்பைப் பார்க்க வேண்டுமாம்.

நேற்றெல்லாம் அவரிடம் இரண்டு வார்த்தைதான். குளிக்க வெந்நீர் வேண்டுமா என்று கேட்டதற்கு "ம்", சாப்பிட்டாயா என்றதற்கு "ஆச்சு". காலையில் பின் வராந்தாவில் அடுப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைகளை விரலால் தடவினாள். "இது யாரு போட்டது, இவ்ளோ நேரா?" என்றாள். எனக்குத்தான் கேள்வி. கையால் அவரைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்தேன். அனி அதை என் கையிலிருந்து வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க."

பிள்ளை எவ்வளவு பெரிய மனசோடு கொடுக்கிறாள்! வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கட்டும் என்றும் இருந்தது.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. அது உங்கம்மா ஊத்துறது. என் கையில குடுக்காத. இன்னைக்கு நல்லா இருக்கேன். முந்தாநாள் இல்ல. நாளைக்கு எப்படின்னு தெரியல."

அவள் தலைமேல் அடித்து அவர் செய்த சத்தியங்கள் எத்தனையோ. ஒன்றையும் அவள் நம்பியதில்லை. இப்போது அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். போய் அவர் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

ஊற்றினேன். பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினேன். அனி தீக்குச்சி கிழித்தாள். அவர் ஈர்க்குச்சி வித்தையைச் சொல்லிக் கொடுத்தார், இவள் கேட்டாள். தண்ணீர் கொதித்தது. டீயை மூன்று டம்ளரில் ஊற்றி, வழக்கம்போல அவளுக்கு முதலில் நீட்டினேன்.

"அப்பாவுக்கு முதல்ல குடும்மா."